ஒரு நெல்மணிச் சாய்வு

படம் முடிந்ததும் விஜயரத்தினம் அண்ணை அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். முதலில் தூரிகையைத் துணியில் துடைத்து ஜாம் போத்தலுக்குள் நிறுத்துவார். பிறகு கன்வஸின் மரச்சட்டத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அழுத்தி, ஈர நிறத்தில் விரல் படாமல், அடுப்பிலிருந்து பால்சட்டி இறக்குகிறவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். வானம் கீழே போகும், புல் மேலே வரும், தேவாலயத்துக் கோபுரம் கூரையிலிருந்து தொங்கவிட்டது போல இருக்கும். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி ஒரு வாய் எடுப்பார், விழுங்கமாட்டார். கன்னம் உப்பியபடி பார்த்துக்கொண்டு நிற்பார். விழுங்கிய பிறகு ஒரு சொல் வரும்.

"நிக்குது."

அந்தச் சொல் வந்தால்தான் நான் கமெராவைத் தூக்கலாம். முடிந்த படங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது என் வேலை. தேவைப்பட்டால் பொதி ஏற்றும் வானும் ஓட்டுவேன்.

வடக்கு லண்டன் எட்மண்டனில், டயர் கடைக்கும் கட்டில் மெத்தைக் கிடங்குக்கும் நடுவில் எங்கள் யூனிற் என்கிற சின்னப் பட்டறை இருக்கிறது. புகழ்பெற்ற ஓவியங்களைக் கையால் வரைந்து விற்கிறோம். எல்லாவற்றிலும் அதிகம் போவது ஒரு தேவாலயம். பின்னாளில் பெரிய பெயரெடுத்த ஒரு நிலக்காட்சி ஓவியர், பெயரே இல்லாத இருபது வயதில் வரைந்தது. மத்திய காலத்துக் கற்சுவர்கள், இடது பக்கம் சதுரக் கோபுரம், சரிந்த கல்லறைக் கற்கள், ஈரப் புல், மழை விட்ட வானம். அந்த ஓவியரின் பிந்திய படங்களில் வரும் புயலும் தீயும் இதில் இல்லை. அதனால்தான் விற்கிறது என்று முதலாளி ரவிச்சந்திரன் சொல்வார். மலேசியாவிலிருந்து கணக்கியல் படிக்க வந்து, வெம்பிளியில் வீடு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டவர்.

"சோபாவுக்கு மேல புயல் அடிக்கக்கூடாதுலா. மனுசன் டீவி பார்க்கணும்."

ஒரு படத்தை மூன்று பேர் பங்கு பிரித்து வரைவார்கள். வானம் பியற்றிஸ் அக்கா. யாழ்ப்பாணக் கடற்கரைக் குருநகர்ப் பெண், நாக்கில் உப்பு அதிகம். புல்லும் மரமும் யனுஷன், ஓவியக் கல்லூரியை நடுவில் விட்டுவிட்டு வந்தவன். கோயிலும் கோபுரமும் கல்லும் விஜயரத்தினம் அண்ணை. மூவரிலும் மெல்ல வேலை செய்வது அவர்தான். மூவரிலும் குறைவாகப் பேசுவதும் அவர்தான்.

"பதினொரு வருசமாக் கோயில் கட்டுறியள் அண்ணை," என்று பியற்றிஸ் அக்கா கிண்டுவார். "ஒருக்காவாவது உள்ளுக்குப் போய் முழந்தாளில நிண்டிருக்கிறியளோ?"

"கட்டினவன் வெளியிலதான் நிப்பான், பிள்ளை."

அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் ஜெர்மனிக்குப் போனவர். டோர்ட்முண்ட் நகரில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை. இறைச்சிக் கடை, மருந்துக் கடை, கார் பழக்கும் பள்ளி, பல் வைத்தியர் என்று ஊரிலுள்ள அத்தனை பேரின் பெயரையும் பலகையில் எழுதினார். ஜெர்மன் குடியுரிமை கிடைத்த கையோடு, மகள் சுவர்ணா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்குக் குடும்பத்தோடு இடம் மாறினார். அப்படி மாறி வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர் மனைவி வந்த சில வருடங்களிலேயே காலமானார். மகள் படித்தாள், மணமுடித்தாள், குரோய்டனில் இருக்கிறாள். அவளுடைய புகுந்த வீட்டார் இவரைப் பற்றிப் பேசும்போது "சுவர்ணாவின்ர அப்பா பெயின்ற் அடிக்கிறவர்" என்பார்களாம். சொல்லும்போது கையைச் சுவரில் மேலும் கீழும் ஓட்டிக் காட்டுவார்களாம். இதை அவரே ஒருநாள் எனக்குச் சொன்னார், தன் கையாலும் அதே மாதிரி ஓட்டிக் காட்டி.

"டோர்ட்முண்டில நான் எழுதாத பேர் இல்லைத் தம்பி. இஞ்ச வந்தும் படத்தின்ர மூலையில அந்த மனுசன்ர கையெழுத்தைத்தான் போடுறன். என்ர பேரை நான் எழுதினது எண்டால் பாங்கிலையும் விசாக் கந்தோரிலையும்தான்."

பெயர்ப்பலகைக் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள், செங்குத்துப் பார்க்கிற ஒரு தூக்குநூல். நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்று. கன்வஸ் தாங்கிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். எழுத்து சரிந்தால் கடைக்காரன் பணம் தரமாட்டான், அதனால் நேர்க்கோடு அவருக்குப் பழக்கமாகி, பழக்கம் கண்ணாகிவிட்டது.

ஆனால் அந்தப் படத்தில் கோபுரம் நேராக இல்லை. கல்லறைகளின் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. எங்கள் கன்வஸின் அளவில், உச்சியில் ஒரு நெல்மணி அகலம் விலகினால் சரி. வேலைக்கு வந்த புதிதில் அந்த நெல்மணியைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பியற்றிஸ் அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன். தூக்குநூலைக் கழற்றி மேசை லாச்சிக்குள் பூட்டிவைத்தாராம். சாய்வு ஒருநாள் கைக்கு வந்தது. வந்தபோது எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். "சாய்ஞ்சும் நிக்குது, பாருங்கோ" என்றாராம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. ஒருநாள் காலையில் அண்ணை வந்தபோது, திரும்பி வந்த படம் ஒன்று முகத்தைச் சுவரின் பக்கம் வைத்தபடி நின்றது. ரவிச்சந்திரன் அதைக் காலால் காட்டினார். அடுத்து நடந்ததை அண்ணை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு சொல் மாறாமல்.

"கோபுரம் சாயுதுன்னு திருப்பிட்டாங்க அண்ணே. இது மட்டும் இல்ல, இன்னும் வரும் போல. நேரா போட்டுருங்க."

"படத்தில சாயுதே."

"படம் மியூசியத்துல இருக்கு. இது காசு குடுத்தவங்க வீட்ல இருக்கப் போவுது."

அவர் வாதாடவில்லை. வாங்குகிற சனம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பலகைக் கடையில் படித்த பாடம் அது. தடித்த அட்டை ஒன்றை வெட்டி, அதை வைத்துக் கோபுரத்தின் ஓரங்களை நேர்க்கோடாகக் கீறத் தொடங்கினார். தூக்குநூல் மறுபடி ஆணிக்கு வந்தது. அட்டை வந்த பிறகு வேலையும் கெதியாக நடந்தது, ஒரு கோபுரத்தின் நேரத்தில் இரண்டு முடிந்தன, முதலாளிக்குச் சந்தோஷம். படத்தைத் தலைகீழாகத் திருப்பி "நிக்குது" சொல்லும் வழக்கம் அதன் பிறகுதான் வந்ததாம்.

போன வருடம் மழைக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி யூனிற்றுக்கு வந்தார். ரப்பர் சப்பாத்து, கையில் நனைந்த குடை. படத்தில் இருக்கும் அதே தேவாலயத்தின் குழுச் செயலாளர். லண்டனுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்துக் கிராமம். மூலப்படத்தில் இருப்பது எங்கள் ஊர், ஆனால் அதை நாங்கள் ஒருநாளும் வாங்க முடியாது, அதனால் ஒரு நல்ல பிரதியாவது உள்ளே தொங்கட்டும் என்றார்.

"உங்கள் இணையத்தில் உள்ள எல்லாப் படத்திலும் கோபுரம் நேராக நிற்கிறது," என்று சிரித்தார். "எங்களுடையது சாய்ந்தது. ஊரில் யாரும் அதற்காக வருத்தப்படுவதில்லை. எங்களுக்குச் சாய்ந்த கோபுரம் வேண்டும்."

முதலாளியும் சிரித்தார். தாராளமாகச் செய்யலாம் என்றார்.

"தேவாலயத்தை வரைவது யார்?"

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படத்துக்குக் கீழே சிறிய பித்தளைத் தகடு வைப்போம், மூல ஓவியரின் பெயருக்கு அடுத்த வரியில் பிரதி வரைந்தவரின் பெயரும் இருக்கும், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார் பெண்மணி. அண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பெண்மணி எழுதிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், தடக்கினார், மறுபடி சொன்னார். வெளியே போகும்போதும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பெண்மணி போனதும் பியற்றிஸ் அக்கா தொடங்கினார்.

"அப்ப வானம் கீறுற எனக்குத் தகடு இல்லையோ? சேசுநாதர் மேல போனது கோபுரத்தாலையோ, வானத்தாலையோ?"

"அங்கிள், புல்லுக்கும் ஒரு சின்னத் தகடு," என்றான் யனுஷன்.

அண்ணை வழக்கத்துக்கு மாறாக இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் படத்தில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். வானம், புல்லு எல்லாம் நானே கீறுறன். பேர் போடுறதெண்டால் அது முழுக்க என்ர கையா இருக்க வேணும்."

அன்று மத்தியானமே சுவர்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தார். கையெல்லாம் நிறம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எல்லோருக்கும் கேட்டது.

"பித்தளைத் தகடோ? அப்பா, சீரியஸ்லி? உங்கட ஃபுல் நேமோ?"

"ஓம். ஒரு எழுத்தும் விடாமல்."

"நான் மாமியாக்களையும் கூட்டிக்கொண்டு வாறன். கட்டாயம் வாறன். நீங்கள் அந்தப் பழைய ஜக்கெற்றைப் போடக்கூடாது, சரியோ? நான் வாங்கித் தாறன்."

அவர் அன்று இரண்டு தடவை தேநீர் குடித்தார்.

வானத்தை அவர் நன்றாகவே வரைந்தார். "என்ர வேலைக்கு உலை வைக்கிறியள்" என்று பியற்றிஸ் அக்கா கோபித்துக்கொண்டார். புல்லும் வந்தது. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கோபுரத்தைப் பென்சிலால் கீறினார். கோடு சாய்ந்துதான் இருந்தது, நான் பார்த்தேன். பிறகு அடியிலிருந்து கற்களை அடுக்கத் தொடங்கினார். ஒரு வரி கல், அதன்மேல் நிழல், அடுத்த வரி. பாதிக் கோபுரம் வந்தபோது ஓரம் பென்சில் கோட்டை விட்டு விலகியது. அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வரியிலும் கை தானாகவே ஒரு மயிரளவு திருத்திக்கொண்டு போனது. உச்சிக்கு வந்தபோது நெல்மணி காணாமல் போயிருந்தது.

திருப்பி வைத்தார். தேநீரை வாயில் எடுத்தார். நீண்ட நேரம் விழுங்கவில்லை. விழுங்கிய பிறகும் அந்தச் சொல் வரவில்லை.

கோபுரம் நேராக நின்றது.

சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். இந்த முறை தூக்குநூலைக் கழற்றி லாச்சிக்குள் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பிடித்திழுத்து வரைந்தார். முடிந்ததைப் பார்த்த பியற்றிஸ் அக்கா பகிடி விடாமல் நின்றது எனக்குப் பயமாக இருந்தது. கோபுரம் சாய்ந்திருந்தது. ஆனால் கள் குடித்தவன் வேலியைத் தேடுவதைப் போலச் சாய்ந்திருந்தது. இந்த நிமிடமே கல்லறைகளின் மேல் விழுந்துவிடும் என்று தோன்றியது.

"இது சாயேல்லை," என்றார் அண்ணை. "விழுகுது."

"அங்கிள், புரொஜெக்டரில அடிச்சுத் தாறன். கோட்டுக்கு மேல அப்பிடியே போங்கோ," என்றான் யனுஷன்.

"கோடு சரியாத்தானே இருக்கு. கைதான் கேக்குதில்லை."

மூன்றாவது முறை அது மறுபடி நேராகவே நின்றது. பத்து வருடம் நேராகக் கட்டிய கை, வேறு மாதிரிக் கட்ட மறுத்துவிட்டது. அவர் தன் வலது கையைத் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. தன்னை வேலைக்கு வைத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தேவாலயத்தின் திருநாள் நெருங்கியது. ரவிச்சந்திரன் வந்து பார்த்தார். வானத்தைப் பாராட்டினார்.

"கோபுரத்தை மட்டும் யனுஷன் முடிச்சிடட்டும் அண்ணே. அவனுக்கு ஒரு மத்தியானம் போதும். மத்ததெல்லாம் நீங்கதானே? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"பேரு உங்க பேருதான். நான் மாத்தல."

அண்ணை ஜாம் போத்தலுக்குள் இருந்த தூரிகையை எடுத்து மறுபடி துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கோபுரம் இல்லாட்டி அது என்ர படம் இல்லை. என்ர பேரைப் போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

முதலாளி இன்னொரு தடவை கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் எதிர்பார்த்தேன்.

"சரிண்ணே. அப்ப கம்பெனி பேரைப் போட்டுக்கலாம். அதுதான் வசதி."

யனுஷன் புரொஜெக்டரைப் போட்டு ஒரு மத்தியானத்தில் கோபுரத்தை முடித்தான். சாய்ந்தது, நின்றது. தலையைக் குனிந்தபடியே வரைந்தான், ஒரு தடவையும் அண்ணையின் பக்கம் திரும்பவில்லை.

சுவர்ணாவின் அழைப்பு மறுநாள் வந்தது. மறுபடி ஸ்பீக்கர்.

"தகடு இல்லையாம் பிள்ளை. கான்சல்."

"என்ன கான்சல்? மாமி லீவு போட்டிட்டா அப்பா. எல்லாருக்கும் சொல்லிப் போட்டா."

"நான் கீறின படம் இல்லை அது."

"அப்ப ஆர் கீறினது?"

"ஒரு பெடியன்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

"நான் இப்ப அவைக்கு என்ன சொல்றது, அப்பா?"

"பெயின்ற் அடிக்கிறவர் எண்டு சொல்லு. அவைக்குத் தெரிஞ்சதுதானே."

திருநாளன்று முதலாளி முன் இருக்கையில், படம் பின்னால், நான் வான் ஓட்டினேன். அண்ணை வரவில்லை. கிராமத்துக்குள் திரும்பும்போதே கோபுரம் தெரிந்தது. மரங்களுக்கு மேல், கல்லறைகளின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றது. படத்தை உள்ளே மாட்டினோம். பித்தளைத் தகட்டில் மூல ஓவியரின் பெயர், அதற்குக் கீழே எங்கள் நிறுவனத்தின் பெயர், இணைய முகவரி. கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.

அந்தப் பெண்மணி கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்தார்.

"விஜயரத்தினம் வரவில்லையா?"

ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார். வீட்டில் சொல்லிப் பழகியிருக்கிறார். தடிமன் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். பேசப் பழகிய ஒரு பெயரை வீணாக்கிவிட்ட முகத்தோடு அவர் கேக் தட்டை என்னிடம் நீட்டினார்.

மறுநாள் காலையில் அண்ணையிடம் போனேன். அவர் வழக்கமான படமொன்றில், புதிதாக வெட்டிய அட்டையை வைத்து, வழக்கமான கோபுரத்தைக் கீறிக்கொண்டிருந்தார்.

"உண்மையிலையே சாய்ஞ்சுதான் இருக்கு அண்ணை."

அட்டையை எடுக்காமலே கேட்டார்.

"சாய்ஞ்சு நிக்குதோ?"

"ஓம். நிக்குது."

"நிக்கட்டும்."

அன்று முதல் அவர் படங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. தேநீரை உடனே விழுங்கினார். முடிந்த படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கன்வஸை எடுத்தார். எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரியாமல் நான் கமெராவோடு நிற்பேன். குளிர் முடிவதற்குள் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையை விட்டார். இப்போது குரோய்டனில் மகளோடு இருக்கிறார், பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருகிறார் என்று கேள்வி. புகுந்த வீட்டார் அவரைக் கொண்டு தங்கள் வரவேற்பறைச் சுவருக்கு நிறம் அடிப்பித்தார்களாம். மிக நேர்த்தியாக அடித்தாராம். தூக்குநூல் இன்னும் எங்கள் ஆணியில்தான் தொங்குகிறது.

அவர் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, பொதி கட்டுவதற்குப் பெனிற்றா என்று ஒரு புதுப் பிள்ளை வந்தாள். பியற்றிஸ் அக்கா அவளுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். குமிழிகள் உள்ள பிளாஸ்ரிக் தாளை அவள் நேரே படத்தின் மேல் சுற்றியதும் கையில் தட்டினார்.

"உப்பிடிச் சுத்தாதை பிள்ளை. வானம் காயேல்லை. முதல் மெழுகுத் தாள், அதுக்கு மேல இது. நான் வந்த புதிசில ஒருக்கா அவசரத்தில கட்டி அனுப்பிப்போட்டன். திறந்து பாத்தால் என்ர வானம் முழுக்க வட்டம் வட்டமா, அம்மாள் வருத்தத்தில கொப்பளம் போட்டது மாதிரி. வாங்கின ஆக்கள் திருப்பி அனுப்பிப் போட்டினம். முதலாளி மனுசன் அதைக் கன நாள் சுவரோட திருப்பி வைச்சிருந்தவர்."

பெனிற்றா சிரித்தாள். நான் கமெராவைக் கீழே வைத்தேன்.

"கோபுரம் சாயுது எண்டு திரும்பி வந்தது எத்தினை அக்கா?"

"கோபுரமோ? ஒண்டும் வரேல்லையே. இஞ்ச திரும்பி வந்தது என்ர அந்த வானம் ஒண்டுதான்." அவர் மெழுகுத் தாளை நீவிக்கொண்டே சொன்னார். "அதுக்குப் பதிலா வேற ஒண்டு அனுப்பினம். அதிலையும் விஜயர் அண்ணையின்ர சாய்ஞ்ச கோபுரம்தான். நல்ல வடிவாயிருக்கு எண்டு எழுதியிருந்தினம்."